காஞ்சனபுரியா, நாகப்பட்டினமா, மலையகமா? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பயணக் கணக்கு

வெளிநாட்டுப் பயணம் என்று பேச்செடுத்தால், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் முதல் கேள்வி, "எத்தனை இடம் காட்டுவாங்க?" என்பதுதான். விற்கிறவர்களும் அதைத் தெரிந்துதான் விற்கிறார்கள். ஐந்து இரவுக்குள் ஒன்பது கோயில், இரண்டு அருவி, ஒரு பட்டுப்புடவைக் கடை என்று பட்டியல் நீளும். அது நீள நீளக் கொடுத்த காசுக்கு வஞ்சகமில்லை என்று தோன்றும். திரும்பி வந்து ஆறு மாதம் கழித்து விசாரித்தால், எந்தக் கோயில் எந்த ஊரில் இருந்தது என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டிருப்பார்கள். பஸ்ஸில் ஏசி ஒழுகியது மட்டும் இரண்டு பேருக்கும் நன்றாக நினைவிருக்கும்.

அக்கா குடும்பம் இப்போது அந்தக் கட்டத்தில் நிற்கிறது. சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. அத்தானுக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை, சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது அபூர்வம். பெரியவன் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிவிட்டான், சின்னவள் படிவம் மூன்று. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்த முழங்கால் இப்போது படியைக் கண்டால் நின்று யோசிக்கிறது. இந்த ஐந்து பேரும் ஒன்றாக இன்னொரு முறை நாட்டைவிட்டுக் கிளம்புவார்களா என்பது சந்தேகம்தான். கோயில் மகளிர் குழுவோடு கொஞ்சம் ஊர் சுற்றியவள் என்று என்னிடம் யோசனை கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

ஆளுக்கொரு ஆசை. பெரியவனுக்கு ஜப்பான் பனி. அத்தானுக்கு அங்கோர் வாட். அக்காவுக்குத் தமிழ்நாடு, வேறு பேச்சே கிடையாது. சின்னவள் இலங்கையின் நீல ரயிலை போனில் பார்த்துவிட்டு அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டார் போய்வந்த இந்தோனேசியாவின் மேடானும் பட்டியலில் சேர்ந்துகொண்டது. தாய்லாந்தின் காஞ்சனபுரியைச் சொன்னது நான். அம்மா சொன்னது: "எங்க வேணாலும் போங்க, என்னை விட்டுட்டுப் போங்க."

இவற்றை எதை வைத்துத் தட்டிக் கழிப்பது? அங்கே எதைப் பார்ப்போம் என்பதைவிட, அங்கே போய் என்ன செய்வோம் என்று கேட்பது எனக்குப் பயன்பட்டிருக்கிறது. பார்ப்பதற்கு உள்ளதெல்லாம் போனில் ஏற்கெனவே வந்துவிட்டது. நேரில் போய் அதையே இன்னொரு தடவை படம் பிடித்துத் திரும்பினால் மனதில் தங்குவது குறைவு. உட்கார்ந்து சாப்பிட்டது, வழி கேட்டது, நடந்தது, ஒருவரோடு பேசியது, இவைதான் தங்கும். அப்புறம், அந்த இடத்துக்கும் நமக்கும் முன்பே ஏதாவது தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் போவதற்கு முன்பே பேச்சு தொடங்கிவிடும், வந்த பிறகும் ஓயாது. மூன்றாவது அம்மாவின் முழங்கால். அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

கடைசி நாளைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உளவியலாளர் டேனியல் கானமனும் உடன் மூவரும் 1993இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 14 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் ஒரு நிமிடம் கையை வைத்திருக்கச் சொன்னார்கள். இன்னொரு தடவை அதே ஒரு நிமிடம், அதற்கு மேலும் 30 விநாடி; அந்த 30 விநாடியில் தண்ணீரை 15 டிகிரி வரை மெல்லச் சூடேற்றினார்கள். மறுபடி செய்ய வேண்டுமென்றால் எது என்று கேட்டபோது 32 பேரில் 22 பேர் நீண்டதையே கேட்டார்கள். மொத்த வேதனை அதில்தான் அதிகம், ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. நினைவு மணிக்கணக்கைக் கூட்டிப் பார்ப்பதில்லை, உச்சமான நேரத்தையும் முடிவையும்தான் பிடித்துக்கொள்கிறது என்பது அவர்கள் கண்டது. நம்முடைய பேக்கேஜ்களில் முடிவு எப்படி இருக்கும்? ஒரு மாலில் இறக்கிவிட்டு மூன்று மணி நேரம், அப்புறம் விமான நிலைய நாற்காலியில் அரைத் தூக்கம், அதன் பிறகு கோலாலம்பூரிலிருந்து ஊருக்கு வடக்கே இன்னொரு பயணம். நல்ல பயணமாக இருந்தாலும் வீட்டுக்குள் நுழையும்போது எல்லார் முகமும் கடுகடு என்றிருக்கும்.

இனி ஒவ்வொன்றாக.

பனியை முதலில் தள்ளிவிட்டோம். பனியை முதன்முதலாகக் கையில் அள்ளும் அந்த ஐந்து நிமிடத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அது இருபது வயதுப் பையன் தன் நண்பர்களோடு, தன் சம்பளத்தில் செய்ய வேண்டிய காரியம். ஐந்து பேருக்கும் குளிர்ச்சட்டை வாங்கும் செலவிலேயே பாதி சீட்டுப் பணம் போய்விடும்; அம்மா விடுதி அறையைவிட்டு வெளியே வரமாட்டார்.

அங்கோர் வாட்டில் அத்தானுக்கு வேண்டியது ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டிய கோயில் அது. அதன் கிழக்குச் சுற்றில் பாற்கடலைக் கடையும் காட்சி ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே சுவரில் ஓடுகிறது. ஒரு பக்கம் 92 அசுரர், மறுபக்கம் 88 தேவர். கதை தெரிந்தவர்களாகப் போய் அந்தச் சுவரோரம் நடப்பது, தெரியாதவர்கள் நடப்பதைவிட எவ்வளவோ மேல். கீழ்ச்சுற்றில் இருப்பதால் அம்மாகூடப் பார்த்துவிடலாம். ஆனால் அது ஒரு காலை வேளைக்கான விஷயம். மீதி நேரமெல்லாம் வெயிலும் கல்லும் செங்குத்துப் படியும்தான். பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு நாள் சீட்டு 37 அமெரிக்க டாலர், மூன்று நாளுக்கு 62. அத்தானும் பெரியவனும் மட்டும் போவதானால் நானே கிளப்பிவிட்டிருப்பேன்.

மேடான் வேறு மாதிரி. பினாங்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் விமானம் இறங்கிவிடும், காசும் குறைவு. அங்கே தமிழர்கள் இருக்கிறார்கள், பழைய மாரியம்மன் கோயில் இருக்கிறது, அடுக்கடுக்கான கோபுரத்தோடு கோயில் போலவே எழும்பி நிற்கும் வேளாங்கண்ணி மாதா ஆலயம் இருக்கிறது. மேடானிலிருந்து போகும் தோபா எரிமலை ஏரிக்கும் எங்கள் வட்டாரத்துக்கும் ஒரு பழைய கணக்கும் உண்டு. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அந்த எரிமலை வெடித்தபோது பறந்த சாம்பல், கோலகங்சாரைத் தாண்டிப் போனால் வரும் லெங்கோங் பள்ளத்தாக்கில் இன்றும் மண்ணடுக்காகக் கிடக்கிறது. அந்தச் சாம்பலைப் பார்த்துவிட்டு அதைக் கக்கிய வாயில் நிற்கும் ஏரியைப் பார்க்கப் போவது சின்னவளுக்குப் பிடிக்கும். ஆனாலும் தோபாவில் நாம் செய்வதற்கு அதிகமில்லை. படகில் ஏறி சமோசிர் தீவுக்குப் போவோம், பார்ப்போம், மீன் சாப்பிடுவோம். ஒரு நீண்ட வார விடுமுறைக்கு நல்ல இடம். சீட்டுப் பணம் முழுவதையும் கொட்டுவதற்கு அல்ல.

மிஞ்சியவை மூன்று. இவற்றில்தான் உண்மையான போட்டி.

இலங்கை மலையகத்தைச் சின்னவள் கேட்டது ரயிலுக்காக. நானுஓயாவிலிருந்து எல்ல வரை தேயிலைச் சரிவுகளின் நடுவே போகும் அந்தப் பாதை அழகுதான், பொய்யில்லை. தெமோதரையில் 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் போகும் நேரம் பார்த்துக் கூட்டம் கூடும். முன்பதிவு இருக்கைகள் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும்; பிறகு இடைத்தரகரிடம் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டியிருக்கும், அல்லது நின்றுகொண்டே போக வேண்டியிருக்கும். கதவில் தொங்கிப் படம் எடுக்கப்போய் விழுந்து இறந்த பயணிகளும் உண்டு. படிவம் மூன்று பிள்ளையை அந்தக் கதவருகே விட்டுவிட்டு உட்கார எனக்குத் தைரியமில்லை. படம் எடுப்பதைப் பற்றியே ஒரு ஆய்வு சொல்லலாம். அமெரிக்காவில் லிண்டா ஹென்கல் என்பவர் மாணவர்களை ஒரு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய், சில பொருள்களைப் படம் எடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். படம் எடுத்தவற்றைத்தான் அவர்கள் குறைவாக நினைவு வைத்திருந்தார்கள். 2014இல் வந்த ஆய்வு அது. ஒரு பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தபோது அந்தக் குறை ஏற்படவில்லை என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். ஆகவே சின்னவளிடம் போனைப் பிடுங்க வேண்டியதில்லை. எதையாவது கிட்டப் போய்ப் பார்த்து எடு என்றால் போதும்.

ரயிலைவிட மலையகத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது அங்கே உள்ள மனிதர்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டம் போட்டார். அந்தத் தொழிலுக்குக் கங்காணிகள் கூட்டிவந்தது எங்கள் முன்னோர் கிளம்பிய அதே மாவட்டங்களின் சனத்தைத்தான். எங்கள் ஊர்ப் பக்கம் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் பெரும்பாலும் இடிந்துபோயின, சனம் தாமான் என்கிற குடியிருப்புகளுக்கும் மலிவு வீட்டுக்கும் வந்துவிட்டது. அங்கே இன்னும் லயத்தில் பிள்ளைகள் வளர்கிறார்கள். மகளிர் குழுவோடு போனபோது ஹட்டன் பக்கம் ஒரு தோட்ட நிறுவைக்கு முன்னால் வேன் நின்றது. கொழுந்துப் பையை முதுகிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் எங்கள் குழுவின் மூத்தவர், "எத்தனை கிலோ எடுத்தா பேரு போடுவாங்க?" என்று முழு நாள் கூலிக்கான கணக்கைக் கேட்டார். அவ்வளவுதான். அரைப் பேர், மழை நாள், நிறுவையில் கழிக்கும் தண்ணீர் எடை, கணக்குப்பிள்ளையின் குணம் என்று இரண்டு பேரும் ஒரே தோட்டத்தில் வேலை செய்தவர்கள் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று கழிப்பதையும், அங்கே இலையில் ஈரம் இருக்கிறது என்று கழிப்பதையும் ஒப்பிட்டுச் சிரித்தார்கள். வேன் ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்த பிறகுதான் பிரிந்தார்கள்.

அம்மாவுக்கு இது பிடிக்கும். தடையாக இருப்பது வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை. அம்மா கேமரன் மலைக்குப் போவதற்கே எலுமிச்சம்பழம் கொண்டுபோகிறவர். மழை பிடித்துக்கொண்டால் மண்சரிவில் ரயில்பாதையை மூடிவிடுவார்கள், அப்போது சின்னவள் ஆசைப்பட்டதும் போய்விடும். இன்னொன்று, சாலையோரத் தோட்டங்களில் பயணிகளுக்காகவே கூடையைத் தூக்கி நின்று படத்துக்குக் காசு கேட்கும் ஏற்பாடும் இருக்கிறது. அவர்கள் பிழைப்பு, குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் பால் வாளியோடு நின்ற எங்கள் பாட்டிகளைத் துரைமார்கள் படம் பிடித்த அதே கோணத்தில் நாமே நின்று படம் எடுப்பதை நான் செய்யமாட்டேன்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். அக்கா சொல்லும் தமிழ்நாடு நவக்கிரகச் சுற்று, ஒன்பது கோயில், இரண்டு நாள், ஒரு வேன். நேர்த்திக்கடன் இருந்தால் அது தனி விஷயம், அதில் நான் தலையிடவில்லை. அனுபவம் என்ற கணக்கில் பார்த்தால், வரிசையில் நிற்பது, செருப்பைத் தேடுவது, வேனில் ஏறுவது என்றே இரண்டு நாளும் போகும். அதற்குப் பதில் ஒரே ஒரு பெரிய கோயில் போதும். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் இருக்கிறது, அங்கிருந்து தஞ்சாவூர் ஒன்றரை மணி நேரம். இராசராசன் 1010இல் முடித்த கோயிலின் முற்றத்தில் வெயில் தாழ்ந்த பிறகு போய், கல் சூடு ஆறும்வரை உட்கார்ந்திருக்கலாம். அம்மா ஏற வேண்டிய படி குறைவு. இராசராசனின் மகன் இராசேந்திரன் 1025இல் கடல் கடந்து வந்து தாக்கிய கடாரம் நம்முடைய கெடாதான் என்பதைப் பிள்ளைகள் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் பள்ளிச் சுற்றுலா போனபோதே கேட்டிருப்பார்கள். சோழ நாட்டிலேயே நின்று அதைக் கேட்பது வேறு.

நாகப்பட்டினத்தில் பார்க்க என்று பெரிதாக ஒன்றுமில்லை. மீன்பிடித் துறைமுகம், கலங்கரை விளக்கம், ஒரு கடற்கரை. அக்கம்பக்கத்தில் நாகூர் தர்காவும் வேளாங்கண்ணியும் இருப்பதால் கூட்டம் அங்கே போய்விடும். ஆனால் சென்னையிலிருந்து கிளம்பி நாகப்பட்டினத்தில் ஆளேற்றிக்கொண்டு பினாங்குக்கு வந்த கப்பல்களில்தான் எங்கள் ஊரின் பாதிப் பேருடைய தாத்தா பாட்டி வந்தார்கள். 1926இல் கட்டிய ரஜூலா கப்பல் 1970களின் தொடக்கம் வரை அந்தத் தடத்தில் ஓடியது. வந்தவர்களை முதலில் பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் வைத்துத்தான் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். அதற்கும் ஒன்பது நூற்றாண்டுக்கு முன் கடாரத்து மன்னன் இதே நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் கட்ட, இராசராசன் அதற்கு ஆனைமங்கலத்தை எழுதிவைத்தார். சோழர்காலத்து லெய்டன் செப்பேடு சொல்லும் செய்தி இது. போக்குவரத்து இரண்டு பக்கமும் இருந்திருக்கிறது. இதையெல்லாம் அங்கே விளக்க ஆளிருக்காது, நாமே சொல்லிக்கொள்ள வேண்டும். கடற்கரையில் அரை மணி நேரம் போதும்.

தமிழ்நாட்டில் மிகப் பெரிய அனுபவம் பூர்வீக ஊரைத் தேடிப் போவதுதான். மிகப் பெரிய ஏமாற்றமும் அதுவாகவே இருக்கலாம். அம்மாவின் அப்பாவுக்குத் துறையூர்ப் பக்கம் ஒரு கிராமம். கடிதப் போக்குவரத்து நின்று பல வருடமாகிவிட்டது. முகவரி இருக்கிறது, அந்த முகவரியில் யார் இருக்கிறார்கள் என்பது தெரியாது. போய் இறங்கினால் கட்டிப்பிடித்து அழுகிற கிழவியும் இருக்கலாம், "மலேசியாவுல என்ன சம்பளம், தம்பிக்கு ஒரு விசா எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்கிற பேரனும் இருக்கலாம். பெரும்பாலும் ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருப்பார்கள். எங்கள் உறவில் ஒருவர் இப்படித் தேடிப் போய், பாட்டனின் பெயரைச் சொன்னதும் ஊரே திரண்டு வந்து, சாப்பாடு போட்டு, கிளம்பும்போது நிலத்தில் பங்கு கேட்கத்தான் வந்தாரோ என்று ஒரு சித்தப்பா ஓரமாகக் கூப்பிட்டு விசாரித்தார். அதை அவர் இப்போதும் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார். ஆகவே நினைவு என்ற கணக்கில் இதற்கு நிகர் இல்லை. ஆனால் ஐந்து பேர் வேனில் போய் இறங்கிச் செய்கிற காரியமல்ல இது. முதலில் ஒருவர் போனிலோ அந்தப் பக்கம் தெரிந்தவர் மூலமோ விசாரித்து, ஆள் இருப்பதை உறுதி செய்து, பிறகுதான் அம்மாவைக் கூட்டிப்போக வேண்டும். அதற்குச் சில மாதம் ஆகும்.

பருவமும் இடிக்கிறது. எங்களுக்கு நீண்ட பள்ளி விடுமுறை ஆண்டு முடிவில் வருகிறது; நாகப்பட்டினக் கரைக்கு வடகிழக்குப் பருவமழையும் புயலும் வருவதும் அப்போதுதான். 2018இல் கஜா புயல் அந்தக் கரையைத் தாக்கியது நவம்பர் 16. சனவரி, பிப்ரவரிதான் அங்கே நல்ல காலம்.

காஞ்சனபுரிக்கு வருகிறேன். இதை நான் சொன்னதும் அம்மாதான் முதலில் எதிர்த்தார். "காசு குடுத்து அழுவறதுக்குப் போகணுமா?" என்றார்.

சயாம் மரண ரயில்பாதை பற்றி எங்கள் பக்கத்தில் தெரியாத வீடு இல்லை. 1942இல் ஜப்பானியர் தொடங்கி 1943 அக்டோபர் 17 அன்று இணைத்து முடித்த 415 கிலோமீட்டர் பாதை, தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60 ஆயிரத்துக்கு மேல், அவர்களில் இறந்தவர்கள் 12 ஆயிரத்துக்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம். இறந்தவர்கள் 90 ஆயிரம் வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி தோட்டத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று ஆசை காட்டினார்கள். ஆள் போதாதபோது சினிமா காட்டுகிறோம் என்று கூட்டி லாரியில் ஏற்றினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் தாத்தாவின் அண்ணன் அப்படிப் போனவர்தான். போன தேதிகூட வீட்டில் யாருக்கும் தெரியாது.

கைதிகளுக்குள் மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், யார் எங்கே இறந்தார் என்று ரகசியமாகக் குறித்து வைத்தார்கள். 1943 மத்தியில் காலரா பரவியபோது நம் சனத்துக்கு அப்படி யாரும் இல்லை. அந்த வித்தியாசத்தைக் காஞ்சனபுரி நகரில் நடந்தே பார்க்கலாம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7 ஆயிரம் கைதிகள் இருக்கிறார்கள். முழங்கால் உயரத்துக்கும் குறைந்த சாய்ந்த கல், அதில் வெண்கலத் தகடு, தகட்டில் பெயர், படையெண், இறந்த தேதி, வயது. இரண்டு கல்லுக்கு நடுவே பூச்செடி. புல் மயிரிழை பிசகாமல் வெட்டியிருக்கும். அங்கிருந்து சற்றுத் தூரத்தில் வாட் தாவோர்ன் வராராம் என்ற புத்த விகாரத்தில், பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளுக்கு மேல் ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. மலேசியத் தமிழர்களின் முயற்சியால் வைத்த நடுகல்லும் அங்கே இருக்கிறது. முதலில் கல்லறைக்கும் பிறகு விகாரத்துக்கும் போங்கள். வரிசையை மாற்றினால் இரண்டாவது வெறும் பூங்கா மாதிரி தெரியும்.

பேர் பெற்ற ஆற்றுப்பாலத்தை நான் பெரிதாகச் சொல்லமாட்டேன். எல்லாரும் போகிறார்கள், தண்டவாளத்தின் நடுவே நின்று படம் எடுக்கிறார்கள், கீழே கடைகள். அரை மணி நேரத்துக்கு மேல் அங்கே வேலையில்லை. ஹெல்ஃபயர் பாஸ் என்ற பாறைவெட்டில் ஆஸ்திரேலிய அரசு நடத்தும் அருங்காட்சியகம் நன்றாக இருக்கும், கட்டணமும் கிடையாது. ஆனால் பாறைவெட்டுக்குள் இறங்கப் படிகள் அதிகம். அத்தானும் பிள்ளைகளும் இறங்கட்டும், அம்மாவும் அக்காவும் மேலே கட்டடத்தில் இருக்கலாம்.

உண்மையான அனுபவம் ரயில்தான். நாம்தோக் வரை இன்றும் சாதாரண மூன்றாம் வகுப்பு ரயில் ஓடுகிறது. மர இருக்கை, திறந்த ஜன்னல், கூடையில் சோறு விற்கும் பெண்கள். வெளிநாட்டவருக்குச் சீட்டு 100 பாட். தாம் கிரசே என்ற இடத்தில் பாறைச் சுவரை ஒட்டி, ஆற்றுக்கு மேலே மரத்தூண்களின் மீது ரயில் ஊர்ந்து போகும். நாம்தோக் போகும்போது இடப்பக்கம் உட்கார்ந்தால் கீழே ஆறு நேராகத் தெரியும். வலப்பக்கம் கையை நீட்டினால் பாறை. மரச்சட்டங்கள் முனகுவது கேட்கும் அளவுக்கு மெதுவாகப் போகும். அந்த நேரத்தில் பெட்டியில் பேச்சு தானாகக் குறைந்துவிடுகிறது, பின்னாலிருந்த வெள்ளைக்காரப் பையன்கள்கூட அடங்கிவிட்டார்கள்.

அதைவிட முக்கியமானது, அங்கே போவதற்கும் விமானம் தேவையில்லை. எங்கள் சுங்கை சிப்புட் நிலையத்திலேயே இ.டி.எஸ். மின்ரயில் ஏறினால் எல்லையிலுள்ள பாடாங் பெசார். அங்கே மாலையில் தாய்லாந்தின் படுக்கை ரயில், காலையில் நக்கோன் பத்தோம், அங்கிருந்து காஞ்சனபுரி. 1943இல் சரக்குப் பெட்டியில் அடைத்து ஆட்களைப் பான் போங்குக்குக் கொண்டுபோன தடம் இதுதான். அவர்களும் இந்த வழியாகத்தான் எல்லையைத் தாண்டினார்கள். பிள்ளைகளுக்கு வரலாறு சொல்ல இதைவிட வசதியான வகுப்பறை கிடைக்காது. இரவு, தாய்லாந்து ரயில் பணியாளர் வந்து இருக்கையை மடக்கி வெள்ளை விரிப்பு போட்டுப் படுக்கையாக்குவதைச் சின்னவள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாள் என்று நான் பந்தயம் கட்டுவேன். நீல ரயிலை அதற்குப் பிறகு கேட்கமாட்டாள்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அழுகை வரலாம். ஆனால் ஐந்து நாளும் அழ வேண்டியதில்லை. க்வாய் நோய் ஆற்றில் மிதக்கும் மூங்கில் வீடுகளில் ஓர் இரவு தங்கலாம், பிள்ளைகள் ஏழு அடுக்கு எராவான் அருவியில் ஒரு பகல் முழுக்கக் கிடக்கலாம். திரும்பும்போது அதே படுக்கை ரயிலில் வந்து ஹாட்யாயில் இறங்கிவிட வேண்டும். கடைசி ஒரு நாள் அங்கே. அம்மாவுக்குக் கால் மசாஜ், அக்காவுக்குக் கடை, பெரியவனுக்குத் தின்றுகொண்டே நடக்கும் தெரு. ஹாட்யாயை மட்டமாகப் பேசுகிறவர்கள் பேசட்டும், கடைசி நாளுக்கு அது மாதிரி ஊர் கிடையாது. மறுநாள் பாடாங் பெசார், மாலைக்குள் வீடு. விமான நிலைய நாற்காலி இல்லாத முடிவு.

இதைச் சொன்ன பிறகு அம்மா, "பெரியப்பாவுக்கு அங்க ஒரு சூடம் ஏத்தலாமா?" என்று கேட்டார். விகாரத்தில் அனுமதி கேட்டுவிட்டு ஏற்றலாம் என்றேன். அன்றிலிருந்து என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்ற பேச்சு இல்லை.

ஆகவே என் வரிசை: இந்தத் தடவை காஞ்சனபுரி. இடையில் துறையூர் முகவரியை விசாரித்து வைப்பது. ஆள் கிடைத்தால் அடுத்தது தஞ்சாவூர், துறையூர், நாகப்பட்டினம், அதற்கு அம்மாவும் அக்காவும் மட்டும் போனாலும் போதும். ஆள் கிடைக்காவிட்டால் மலையகம். அக்காவுக்கு இதில் இன்னும் முழுச் சம்மதமில்லை. கோயிலே இல்லாத பயணமா என்கிறார். அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு: பணம் அவர் கட்டிய சீட்டுப் பணம், அம்மாவின் முழங்கால் அடுத்த வருடம் இப்படியே இருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. துறையூரில் உறவு இருப்பது இப்போதே உறுதியாகத் தெரிந்திருந்தால் நானும் தமிழ்நாட்டைத்தான் முன்னால் வைத்திருப்பேன்.

தேதி விஷயம் ஒன்று பாக்கி. ஆண்டிறுதி விடுமுறையின் தொடக்கம் வேண்டாம். தென் தாய்லாந்தில் அப்போது மழைக்காலம், 2025 நவம்பர் கடைசியில் ஹாட்யாய் வெள்ளத்தில் மூழ்கியது எல்லாருக்கும் நினைவிருக்கும். மார்ச், ஏப்ரலில் காஞ்சனபுரி வெயில் மண்டையைப் பிளக்கும். சீனப் புத்தாண்டை ஒட்டிய விடுமுறை எனக்குச் சரியாகப் படுகிறது, ஹாட்யாயில் கூட்டமும் அறை விலையும் கூடுதலாக இருந்தாலும். அம்மாவுக்கும் சின்னவளுக்கும் கடப்பிதழ் எடுக்க வேண்டும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அது 100 வெள்ளி (ரிங்கிட்), சின்னவளுக்கு 200. தாய்லாந்துக்குள் நுழைய 2025 மே மாதத்திலிருந்து இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். இலவசம்தான், காசு கேட்கும் தளங்களில் மாட்டிக்கொள்ளாதீர்கள். இரவு ரயில் தாமதமானால் காலையில் காஞ்சனபுரி போகும் ரயில் தப்பிவிடும், அப்போது வேன் பிடித்துக்கொள்ளலாம். படுக்கை ரயிலில் கீழ்ப்படுக்கைகள்தான் முதலில் தீரும். அதனால் அம்மாவுக்குக் கீழே கிடைக்கிற நாளைப் பார்த்து அத்தான் லீவு கேட்கட்டும். மேலே யார் ஏறுவது என்று மற்ற நாலு பேரும் ரயிலில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.